சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? விமானப் பயணக் கணக்கைப் புதியவர்கள் போட்டுப் பார்க்கும் முறை

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மேற்குத் திசையில் துபாய் விமான நிலையமும் ஏறத்தாழ அதே தொலைவில்தான், அதாவது 2,930 கிலோமீட்டர் அளவில், உள்ளது. இரு ஊர்களுக்கும் விமானம் நாலேகால் மணி நேரத்தை ஒட்டியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் டிக்கெட்டில் பார்த்து அப்படியே கழித்துப் பார்ப்பவருக்குச் சிங்கப்பூர் ஆறேமுக்கால் மணி நேரப் பயணமாகவும், துபாய் இரண்டேமுக்கால் மணி நேரப் பயணமாகவும் தோன்றும். இரண்டும் உண்மையல்ல.

முதன்முறை விமானத்தில் செல்பவர்களும், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு வெளிநாட்டிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்களும் குழம்புகிற இடம் பெரும்பாலும் இதுதான். இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாத ஓர் எண். நேரமோ அப்படியன்று, விமானத்தின் வகை, காற்று, வான்வழி, கால அட்டவணை, நேர மண்டலம் ஆகியவற்றைப் பொறுத்து அது பல எண்களாகப் பிரிகிறது. எந்த எண் எதற்குப் பயன்படும் என்பதைச் சென்னையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: எந்த விமான நிலையம் என்பதை உறுதி செய்துகொள்ளுதல்

ஊரின் பெயரை வைத்துத் தூரம் பார்க்கக் கூடாது; விமான நிலையத்தின் குறியீட்டை வைத்துப் பார்க்க வேண்டும். உலகின் ஒவ்வொரு பயணிகள் விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. சென்னைக்கு எம்ஏஏ, சாங்கிக்கு எஸ்ஐஎன், துபாய்க்கு டிஎக்ஸ்பி. டிக்கெட்டிலும், போர்டிங் பாஸிலும், பெட்டியில் ஒட்டும் பட்டையிலும் இருப்பது இந்தக் குறியீடுதான்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. துபாய்க்கு அல் மக்தூம் என்ற இரண்டாவது விமான நிலையம் உண்டு. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக் என்று தொடங்கி ஐந்தாறு நிலையங்கள் உள்ளன. கோவாவில் தெற்கே டாபோலிம், வடக்கே மோப்பா என இரண்டு இருக்கின்றன. தங்கும் விடுதி வட கோவாவில் இருக்க, டாபோலிமில் இறங்கினால் மிச்சப்படுத்திய கட்டணத்தை டாக்சிக்குக் கொடுக்க நேரும். சான் ஹோசே என்ற பெயரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு விமான நிலையமும், மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா நாட்டில் மற்றொன்றும் உள்ளன. முன்னதன் குறியீடு எஸ்ஜேசி, பின்னதன் குறியீடு எஸ்ஜேஓ. ஓர் எழுத்து மாறினால் நாடே மாறிவிடும்.

இரண்டாம் படி: நேர்தூரத்தைக் கண்டறிதல்

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று எங்கும் குறிப்பிடப்படுவது, பூமியின் வளைந்த மேற்பரப்பின் மீது அவ்விரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளமாகும். இதனைப் பெருவட்டத் தூரம் என்பர். சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் இந்தப் பாதை கிடைக்காது, ஏனெனில் அத்தகைய வரைபடங்கள் துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. வீட்டில் குழந்தைகளின் பூகோள உருண்டை இருந்தால், ஒரு நூலை எடுத்து இரு ஊர்களின் மீதும் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் எந்த வழியே போகிறதோ அதுவே பெருவட்டப் பாதை. பெங்களூரில் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறு முனையையும் பிடித்தால், நூல் அட்லாண்டிக்கையோ பசிபிக்கையோ குறுக்கே கடக்காமல் வட துருவத்தை ஒட்டிச் செல்வதைக் காணலாம். பெங்களூர் ஏறத்தாழ 77.7 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும், சான் பிரான்சிஸ்கோ 122.4 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையிலும் இருப்பதால் அவை உலக உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்திருக்கின்றன என்பதே இதற்குக் காரணம். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவப் பகுதியின் வழியாகவே வந்தது.

தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் இணையதளங்கள் ஏராளமாக உள்ளன. குறியீடுகளைத் தட்டினால் போதும். ஆயினும் ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்குத் தேவையானவை இரு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டுமே. சென்னை 12.99 டிகிரி வடக்கு, 80.17 டிகிரி கிழக்கு. சாங்கி 1.36 டிகிரி வடக்கு, 103.99 டிகிரி கிழக்கு. தீர்க்கரேகைகளின் வேறுபாடு 23.82 டிகிரி. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், 0.0053 வரும். பின்பு இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள், 0.8912 வரும். இரண்டையும் கூட்டினால் 0.8965. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கைப்பேசியின் கால்குலேட்டரில் பார்த்தால் 26.3 டிகிரி என்று விடை கிடைக்கும். பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர் ஆதலால், 26.3ஐ அதனால் பெருக்க 2,925 கிலோமீட்டர் ஆகிறது. பூமி சரியான உருண்டை அன்று என்பதால் இணையதளங்கள் தரும் எண்ணில் சில கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அலகுகளில் மட்டும் கவனம் தேவை. விமானத் துறை தூரத்தைக் கடல் மைலில் கணக்கிடுகிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அமெரிக்கத் தளங்கள் காட்டும் மைலோ 1.609 கிலோமீட்டர். சென்னை–சிங்கப்பூர் தூரம் ஒரு தளத்தில் சுமார் 1,580 என்றும், மற்றொன்றில் சுமார் 1,820 என்றும் இருந்தால் அலகுதான் வேறு, இரண்டும் சரியே.

மூன்றாம் படி: விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

விமானம் பெருவட்டக் கோட்டின் மீதே பறப்பதில்லை. காற்று எதிர்த்து வீசும் திசை நோக்கி எழும்ப வேண்டியிருப்பதாலும், வகுக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்ற வேண்டியிருப்பதாலும், இறங்குமிடத்தில் வரிசையில் காத்திருக்க நேர்வதாலும் நேர்தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கிறது. சென்னை–சிங்கப்பூர் தடத்தில் இந்தக் கூடுதல் பெரிதாக இராது. வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனைக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகே சென்று, மலாக்கா நீரிணையின் வழியாக இறங்குகின்ற இந்தப் பாதையின் பெரும்பகுதி கடல்தான். வளைந்து போக வேண்டிய அவசியம் குறைவு.

ஒரு நாடு தன் வான்பரப்பை மூடிவிட்டால் நிலைமை வேறு. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடலின் மீது சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. 2022இல் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின், ஒன்பதரை மணி அளவில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. இரு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெருவட்டத் தூரமும் மாறவில்லை. பழைய கட்டுரைகளில் படித்த பயண நேரம் மட்டும் செல்லாததாகிவிட்டது. எனவே நேரம் குறித்த எந்தத் தகவலையும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தூரத்திலிருந்து நேரத்தை மதிப்பிடுதல்

ஜெட் விமானங்களுக்கு ஓர் எளிய வாய்பாடு போதும். கிலோமீட்டரில் உள்ள நேர்தூரத்தை 800ஆல் வகுத்து, வரும் மணிக்கணக்குடன் 35 நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. 800 என்று எடுப்பது வான்வழியின் சிறு வளைவுகளுக்கு இடம் விடுவதற்காக. சேர்க்கும் 35 நிமிடம், ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதற்கும், மெதுவாக மேலேறி இறங்குவதற்கும், தரையிறங்கியபின் வாயிலைச் சென்றடைவதற்கும் உரியது. 2,925ஐ 800ஆல் வகுத்தால் 3 மணி 40 நிமிடம். 35ஐச் சேர்த்தால் 4 மணி 15 நிமிடம். சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டர். கணக்கு 2 மணி 47 நிமிடம் என்கிறது, அட்டவணைகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. போயிங் 787 போன்ற அகல உடல் விமானங்கள் செல்லும் நெடுந்தூரத் தடங்களுக்கு 800க்குப் பதிலாக 850ஆல் வகுத்தால் இன்னும் பொருந்தும்.

குறுகிய தூரங்களில் விமானத்தின் வகையே நேரத்தைத் தீர்மானிக்கிறது. சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 645 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர் மட்டுமே. ஏறத்தாழப் பாதித் தூரம் என்பதால் யாழ்ப்பாணத்துக்குப் பாதி நேரம் ஆகும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து செல்பவை ஏடிஆர் 72 வகை விமானங்கள். இறக்கையில் விசிறி சுழலும் அந்த டர்போபிராப் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் செல்லும். கொழும்புக்கு ஜெட். ஆகவே இரண்டு பயணங்களும் ஏறக்குறைய ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குகின்றன. அதற்காக யாழ்ப்பாணம் போக வேண்டியவர் கொழும்பில் இறங்கிவிடலாம் என்று பொருள் அல்ல. கட்டுநாயக்கவிலிருந்து தரைவழியாக யாழ்ப்பாணம் செல்ல ஒரு பகலோ ஓர் இரவோ முழுதாகப் போய்விடும்.

ஐந்தாம் படி: காற்றைக் கணக்கில் சேர்த்தல்

போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் என்று அட்டவணை காட்டுவதற்கு முதன்மைக் காரணம் காற்று. நடு அட்சரேகைகளின் மீது, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டங்கள் வீசுகின்றன. குளிர்காலத்தில் இவற்றின் வேகம் மிகும். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தை வழி நெடுகச் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், தரையைப் பொறுத்த வேகம் 840 ஆகக் குறைந்து 9 மணி 48 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 960 ஆகி 8 மணி 34 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்! லண்டனுக்குப் போகும் பயணம் திரும்பி வரும் பயணத்தைவிட நீள்வது இதனால்தான்.

காற்றின் ஆற்றலுக்கு மிகச் சிறந்த சான்று டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தடம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அந்த விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆயினும் மேற்கு நோக்கிச் சென்று காற்றை எதிர்ப்பதற்குப் பதிலாகக் கிழக்கு நோக்கிச் சென்று காற்றோடு பறந்ததால் பயணம் சுமார் 14½ மணியில் முடிந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்.

தென்னிந்தியர்கள் அறிந்திருக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று உண்டு. மேற்கிலிருந்துதான் காற்று வீசும் என்ற பொதுவிதி நம் தலைக்கு மேலே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தலைகீழாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தீபகற்ப இந்தியாவின் மீது மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. இதனை 1950களில் கண்டறிந்து விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம். இக்காற்றின் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானங்களையும் அதன் கீழ்ப்பகுதி தொடுகிறது. ஆகவே அந்த மாதங்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானம் எதிர்க்காற்றைச் சந்திக்கிறது; சிங்கப்பூரிலிருந்து சென்னை வருவது விரைவாகிறது.

ஆறாம் படி: அட்டவணை நேரம் என்பது எது

டிக்கெட்டில் உள்ள பயண நேரம், விமானம் வானில் இருக்கும் நேரம் அன்று. புறப்படும் வாயிலில் சக்கரத் தடைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்து வாயிலில் வந்து நிற்கும் நொடி வரையிலான நேரம் அது. துறையினர் இதனை பிளாக் டைம் என்பர். விமானி ஒலிபெருக்கியில் மூன்றே முக்கால் மணி நேரத்தில் சென்றடைவோம் என்று அறிவிப்பதும், டிக்கெட்டில் நாலேகால் என்று இருப்பதும் முரணல்ல. நெரிசலுக்கும் காத்திருப்புக்கும் இடம் கொடுத்து நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே நேரத்தைக் குறிக்கின்றன. அரைமணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குச் சேர்ந்துவிடும் விந்தையின் இரகசியம் இதுதான்.

நடைமுறையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துகொள்ள, ஃபிளைட்ராடார்24 அல்லது ஃபிளைட்அவேர் தளத்தில் உங்கள் விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரத்தில் அது எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பாருங்கள். எந்த வாய்பாட்டையும்விட இது நம்பகமானது.

ஏழாம் படி: உள்ளூர் நேரத்தை உடைத்துப் பார்த்தல்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரமாகவும், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரமாகவும் குறிக்கப்படும். இதில் விலக்கே கிடையாது. எனவே சேரும் நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அதன்பின் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.00 மணிக்குச் சிங்கப்பூர் சேர்வதாக டிக்கெட் சொல்கிறது என்று கொள்வோம். சிங்கப்பூர் இந்தியாவைவிட 2½ மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 6.00 என்பது இந்தியாவில் அதிகாலை 3.30. இரவு 11.15இலிருந்து 3.30 வரை 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8.30க்குப் புறப்பட்டுச் சென்னையில் 10.10க்கு இறங்குவதாக இருந்தால், ஒரு மணி 40 நிமிடத்தில் வந்துவிட்டது போலத் தெரியும். சிங்கப்பூரின் இரவு 8.30 நமக்கு மாலை 6.00 மணி, பயணம் 4 மணி 10 நிமிடம். காலை ஆறு மணிக்குச் சாங்கியில் இறங்குபவர்கள் வெளியே இன்னும் இருட்டாக இருப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். அந்நாட்டின் கடிகாரம் அதன் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் அங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். விமான நிலையத்தில் அழைத்துச் செல்ல வருபவருக்கு நேரத்தை மட்டும் சொல்லாமல் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இலங்கை இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் அங்கே குழப்பமில்லை. துபாய் 1½ மணி பின்னால். பிரிட்டனில் ஆண்டுக்கு இரு முறை கடிகாரத்தை மாற்றுவார்கள்: மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை இந்தியாவுடன் வேறுபாடு 4½ மணி, மற்ற மாதங்களில் 5½ மணி. விமான நிறுவனங்களின் கோடைக்கால, குளிர்கால அட்டவணைகளும் இதே இரு ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. செப்டம்பரில் பார்த்து வைத்த நேரத்தை நம்பி நவம்பரில் கிளம்பக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பேரை விமானத்தைத் தவறவிடச் செய்வது நள்ளிரவைத் தாண்டிய நேரங்கள்தான். சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தால், நீங்கள் வீட்டிலிருந்து புறப்பட வேண்டியது 14ஆம் தேதி இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நாட்காட்டியில் பயண நாளைக் குறிக்கும்போது விமானம் கிளம்பும் தேதியைக் குறிக்காமல், வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் நேரத்தையும் எழுதி வைப்பது பாதுகாப்பானது.

எட்டாம் படி: இடையில் விமானம் மாறினால்

நான்-ஸ்டாப் என்றால் இடையில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்பதே உறுதி; நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். கனெக்டிங் என்றால் விமானமே மாற வேண்டும். மூன்றாவதில் தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப் போகின்றன. சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் செல்லும் மொத்தத் தூரம் 2,930உம் 5,500உம் சேர்ந்து ஏறத்தாழ 8,430 கிலோமீட்டர். நேரே செல்வதைவிட வெறும் 200 கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் துபாயில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா, ஒன்பது மணியா என்பதைப் பொறுத்து முழுப் பயணம் 13 மணியாகவும் இருக்கலாம், 20 மணியாகவும் இருக்கலாம். டிக்கெட் தேடும்போது மொத்த நேரம் என்ற வரியையும், காத்திருப்பு நேரம் என்ற வரியையும் தனித்தனியே படியுங்கள்.

இரு பயணங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாக இருக்கிறது என்று இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது; அத்தகைய ஏற்பாட்டில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் பரிந்துரைக்க மாட்டேன், வயதான பெற்றோர் தனியாகப் பயணம் செய்தால் அந்த ஏற்பாட்டையே பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் சென்னை வருபவர்கள், வழக்கமாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடிவரவுச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, சுங்கத்தைக் கடந்து, மீண்டும் பெட்டியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். இரண்டு மணி நேர இடைவெளி அதற்குக் காணாது.

ஒன்பதாம் படி: வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுதல்

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகவும், உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவும் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவது வழக்கம். சென்னையில் பன்னாட்டு விமானங்கள் டெர்மினல் 2இலிருந்தும், உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, 4 ஆகியவற்றிலிருந்தும் புறப்படுகின்றன. எந்த டெர்மினல் என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். இறங்கியபின் குடிவரவுச் சோதனை, பெட்டி, ஊருக்குள் செல்லும் பயணம் என்று இன்னும் ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்து வீட்டிலிருந்து சிங்கப்பூரில் உறவினர் வீடு வரை என்று பார்த்தால், நாலேகால் மணி நேர விமானப் பயணம் ஒன்பது, பத்து மணி நேரத்துக்கு வந்து நிற்கும். திருச்சி, மதுரை, கோவைப் பக்கத்தில் இருப்பவர்கள் சென்னைக்கு வரும் இரவுப் பேருந்துப் பயணத்தையும் இதில் கூட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலிருந்தே சிங்கப்பூருக்குக் கிளம்பும் விமானத்தின் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும்.

பத்தாம் படி: தாமதமானால் இந்த எண்கள் பணமாகும் விதம்

தூரத்தையும் நேரத்தையும் துல்லியமாக அறிந்து வைத்திருப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. பயணிகளின் உரிமைகள் சில நாடுகளில் தூரத்தைக் கொண்டும், இந்தியாவில் நேரத்தைக் கொண்டும் வகுக்கப்பட்டுள்ளன.

இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிகள் பிளாக் டைமை அடிப்படையாகக் கொண்டவை. உரிய முன்னறிவிப்பின்றி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காரணத்தால் விமானம் ரத்தானால், ஒரு மணி நேரம் வரையிலான விமானத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய் என்பது இழப்பீட்டின் அளவு; அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். தாமதத்தின்போது சிற்றுண்டி, உணவு கேட்கும் உரிமையும் அப்படியே: 2½ மணி நேரம் வரையிலான விமானம் இரண்டு மணி தாமதமானாலே அந்த உரிமை வந்துவிடும், 2½ முதல் 5 மணி நேரம் வரையிலான விமானத்துக்கு மூன்று மணி தாமதம் ஆக வேண்டும், அதற்கும் நீண்ட பயணத்துக்கு நான்கு மணி. சென்னை–டெல்லி 2 மணி 45 நிமிட அளவில் இருப்பதால் இரண்டாவது வகையில் விழுகிறது, சென்னை–சிங்கப்பூரும் அதே வகைதான்.

ஐரோப்பிய ஒன்றியமோ 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஒழுங்குமுறையில் பெருவட்டத் தூரத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே செல்லும் பயணங்களில் 3,500 கிலோமீட்டர் வரை 400 யூரோ, அதற்கு மேல் 600 யூரோ. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் விமானத்தில் செல்பவரும் இந்த ஒழுங்குமுறையின் பாதுகாப்புக்குள் வருவார், தூரத்தைப் பொறுத்தவரை 600 யூரோ வகையில். கோரிக்கை அனுப்பும்போது விமான எண், தேதி, பி.என்.ஆர்., இரு நிலையங்களின் குறியீடுகள், அட்டவணைப்படி சேர வேண்டிய நேரம், உண்மையில் விமானத்தின் கதவு திறந்த நேரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின்படி சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அன்று, கதவு திறந்த நேரம். ஆகவே தாமதமான விமானத்தில் இருந்தால், கதவு திறக்கும்போது கைப்பேசியில் மணி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.